வாஷ்பேசினைக் கழற்றியவள்

"வீட்டுல எல்லாம் சுத்தமா வெச்சிருக்கீங்களாம்மா?" என்று டாக்டர் அன்றைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு அவள் நகங்களைப் பார்த்தார்.

பதினைந்து வருடமாகக் குழாய் வேலை பார்க்கிற கை. எவ்வளவு தேய்த்தாலும் நக ஓரத்துக் கறுப்பு போகாது. அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மகளுக்கு எட்டு வயது. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளை 'வாலு' என்றே கூப்பிடுவார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிறவியிலேயே வந்தது. நெஞ்சுச் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும், அதில் கிருமி குடியேறினால் லேசில் கிளம்பாது. இப்போது குடியேறியிருந்தது சூடோமோனாஸ், ஈரத்தில் வளர்கிற கிருமி. ஒரே வருடத்தில் மூன்றாவது முறை.

"தண்ணியக் கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன் சார். நெபுலைசர் கப்பை தினமும் அவிச்சுக் காய வெக்கறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வாலு அம்மாவின் காதருகே வந்தாள். "இவர் கேள்வியும் என் சளி மாதிரிதாம்மா. போனா திரும்பி வந்துடுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி வீட்டையே பாழாக்கியிருந்தது. கப்பை ஈரத்துண்டில் கவிழ்த்தார் என்று, பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்த கணவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். ஜன்னலோரச் செடிகளைத் தொட்டியோடு தூக்கிப் போட்டாள். ஈரமண்ணில் கை வைத்ததற்காக வாலுவை அடித்தே விட்டாள். அடித்த கையைச் சோற்றில் வைக்க இரண்டு நாள் கூசியது.

டாக்டர் சிகிச்சை அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு நர்ஸ் முதலில் நெபுலைசர் கப்பை மூக்கில் வைத்து மருந்தாவி பிடிக்கவைப்பார்; பிறகு வாலுவைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் தட்டித் தட்டிச் சளியை இளக்குவார். இந்த நோயுள்ள பிள்ளைகள் ஒன்றை ஒன்று நெருங்கக்கூடாது என்பதால், ஒவ்வொருவராக அதே அறைக்குத்தான் வருவார்கள்.

நர்ஸ் தட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கை கழுவப் போனாள். குழாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையின் மேலேயே விழுந்தது. இறங்கவேண்டிய வேகத்தில் இறங்கவில்லை. தேங்கி, கொப்பளித்து, எகிறித் தெறித்தது. ஒரு முழம் தள்ளி, கழுவிய நெபுலைசர் கப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் பொடிப்பொடியாக நீர்த்துளி.

இத்தனை மாதம் இந்த அறைக்கு வந்து போயிருக்கிறாள். பிள்ளையின் முதுகைப் பார்த்தாளே தவிர, இதைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், இது எத்தனை நாளா அடைச்சிருக்கு?"

"ஒரு வருஷமாவே சரியா இறங்கல. எழுதிக் குடுத்து நாலு மாசம் ஆச்சும்மா. ஆளே வரல."

"ஆள் வந்தாச்சு. புள்ளைய வெளிய கூட்டிட்டுப் போங்க."

வேலையிலிருந்து நேரே வந்திருந்ததால் கருவிப்பை கூடவே இருந்தது. முகமூடி, கையுறை மாட்டிக்கொண்டு, பேசினுக்கு அடியில் உட்கார்ந்து ரென்ச்சைப் போட்டாள். வளைவுக் குழாய் கழன்று வந்தது. உள்ளே விரல் தடிமனுக்குக் கறுப்பும் பச்சையுமாய் வழுவழுப்பு. நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்தது.

குழாயை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகளில் போட்டு இறுக்கக் கட்டினாள். நேரே மாடியேறி, நிர்வாகியின் மேஜையில் வைத்தாள்.

"யாரக் கேட்டு இதுல கை வெச்சீங்க?" அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"பையைத் தொடவே பயமா இருக்குல்ல சார்? இதுக்குப் பக்கத்துல வெச்ச கப்பத்தான் என் பொண்ணு மூக்குல வெச்சீங்க."

"செக்யூரிட்டியக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. லேபையும் கூப்பிடுங்க. என் வீட்டுல கிருமின்னா அது அழுக்கு, உங்க ஆஸ்பத்திரியில கிருமின்னா எழுதிக் குடுத்துட்டு நாலு மாசம் காத்திருக்கணுமா? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

செக்யூரிட்டி வந்தார். அவருக்குப் பின்னாலேயே நர்ஸும் வந்தார், கையில் பரிசோதனைப் பஞ்சுக்குச்சியோடு. "நானே லேபுக்கு எடுத்துட்டுப் போறேன் சார்" என்றார். வேலை போனாலும் போகட்டும் என்கிற முகம்.

வாலு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். பதினான்கு நாள் கையில் ஊசி, நரம்பு வழியாக மருந்து. பதினேழாம் நாள் லேப் முடிவு வந்தது: குழாயில் இருந்ததும் வாலுவின் சளியில் இருந்ததும் ஒரே கிருமி, ஒரே வகை. அந்த அறைக்கு வந்துபோன இன்னும் நான்கு பிள்ளைகளுக்கும் அதுவே. அறையை மூடினார்கள், பேசினை மாற்றினார்கள். 'பராமரிப்பில் சிறு குறைபாடு' என்று ஒரு கடிதமும் வந்தது.

"விடும்மா, கத்துனா குணமாகிடுமா?" என்றார் கணவர்.

"ஆகாது. கத்தலேன்னா மட்டும் ஆகிடுமா?"

 மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார்.

மகளின் மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்கி, டாக்டர் அறையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நடுவில் ஒரு வரி: 'வீட்டில் சுத்தம் போதவில்லை. தாய்க்கு அறிவுரை கூறப்பட்டது.'

"இத அடிங்க சார்."

"இது பழைய குறிப்பும்மா. யாரும் பாக்கப் போறதில்ல. நான் வேணும்னா மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"உங்க மன்னிப்பு எனக்கு வேணாம். இந்தக் கிருமி இனி அவ நெஞ்ச விட்டுப் போகாதுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. காலையும் சாயங்காலமும் ஆயுசுக்கும் மருந்து இழுக்கணும். நாளைக்கு அவ வளந்து இதப் படிப்பா. அம்மாவாலதான் வந்துச்சுன்னு படிக்கணுமா?"

டாக்டர் பேனாவை எடுத்தார். வரியை அடித்து, கீழே எழுதினார்: 'தொற்று வந்த இடம்: மருத்துவமனையின் சிகிச்சை அறை.' கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

அவள் இரண்டு முறை படித்தாள். கணவர் மொபைலில் படம் எடுத்துக்கொண்டார்.

"அந்த நாலு புள்ளைங்க கோப்புகளையும் எடுங்க சார்" என்றாள். "அவங்க அம்மாமார் வெளியதான் நிக்கறாங்க. நான்தான் வரச் சொன்னேன்."