பக்கத்துப் பக்கத்து எண்கள்

காலையிலிருந்தே நெட்டைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து மேசை வாயாடிக்கு இன்றுதான் இந்த அலுவலகத்தில் கடைசி நாள். நாளைக்கு வேறு ஊர்க் கிளைக்குப் போகிறாள். கட்டிக்கிறியா என்று கேட்க இன்றை விட்டால் வேறு நாள் கிடையாது. வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். அந்த வாய் இருந்திருந்தால் இத்தனை காலமும் அவளிடம் ஸ்டேப்ளர் மட்டுமா இரவல் கேட்டிருப்பான்?

அங்கே அவர்கள் வேலை, செய்திகளுக்குப் பூட்டுப் போடுவது. இரும்புப் பூட்டு இல்லை, எண் பூட்டு. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் மசியாத பகா எண்களில் ராட்சசனாக இரண்டைப் பிடித்துப் பெருக்கினால், இன்னும் பெரிய ராட்சசன் ஒன்று வரும். அதை ஊரே பார்க்கலாம். ஆனால் எந்த இரண்டைப் பெருக்கியது என்று தெரிந்தவர்தான் செய்தியைத் திறக்க முடியும். பெருக்குவது கண் சிமிட்டும் வேலை. பிரிக்க உட்கார்ந்தாலோ, சூரியனே அணைந்துவிடும்.

சாப்பாட்டு வேளையில் யாராவது ஒரு பூட்டை எல்லோருக்கும் அனுப்புவார்கள், மற்றவர்கள் உடைக்கப் பார்த்துத் தோற்பார்கள். இன்று நெட்டையின் முறை. நானூறு இலக்க எண் ஒன்றைச் செய்து, அதற்குள் தன் கேள்வியைப் பூட்டி அனுப்பினான். பெருக்கிய இரண்டில் ஒன்றை வாயாடிக்கு மட்டும் தனியாகத் தட்டிவிட்டான்.

"இது உன் எண். வகுத்துப் பாரு. வேற யாராலயும் திறக்க முடியாது."

அவள் வகுத்து முடிக்கவில்லை, ஜன்னலோரத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். டீ மெஷின் பக்கம் ஒரு விசில். அடுத்த நொடி அறையே கொல்லென்றது. "கட்டிக்கிறியாவாமே!"

பிரிவுத் தலைவர் எழுந்து வந்தார். வாயாடியின் சொந்த அண்ணன் அவர். நேராக நெட்டையின் மேசை முன்னால் நின்றார்.

"ஏன்டா, எந்த ரெண்டை எடுத்துப் பெருக்கினே?"

"பக்கத்துப் பக்கத்துல இருக்கற மாதிரி பாத்து எடுத்தேன் சார்."

"அட கூறுகெட்டவனே! ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னா வர்க்கமூலம் நேரா நடுவுல போய் விழாதா? அங்கேருந்து ரெண்டு பக்கமும் கொஞ்சம் துழாவினா மாட்டிக்காதா? மொத நாள் பாடம்டா இது!"

"தெரியும் சார். தள்ளித் தள்ளி வைக்க மனசு வரலை."

மேசைகள் அதிர்ந்தன. அண்ணனின் மீசை துடித்தது, கோபத்திலா சிரிப்பிலா என்று தெரியவில்லை. வாயாடி மட்டும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லோர் திரையிலும் ஒரு எண் வந்தது. நெட்டையின் எண்ணைவிட இரண்டு மடங்கு நீளம். அவள் பதில் அதற்குள்ளே.

நெட்டை வர்க்கமூலம் எடுத்தான், துழாவினான். ஒன்றும் சிக்கவில்லை. தெரிந்த வித்தை எல்லாம் காட்டிப் பார்த்தான், ராட்சசன் அசையவில்லை. அதற்குள் ஜன்னலோரத்துக்காரி இவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். அப்புறம் டீ மெஷின்காரன். அடப்பாவிகளா, எல்லோருக்கும் திறந்துவிட்டதா? வாயாடி தன் டீக்கோப்பையைப் பைக்குள் வைத்தாள். அழுகையே வந்துவிடும் போலிருந்தது அவனுக்கு.

"மக்கு," என்றாள் ஒருவழியாக. "எனக்கு ஒண்ணு குடுத்துட்டு உனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தியே. அது இதுக்குள்ள இருக்கான்னு பாத்தியா?"

வகுத்தான். மிச்சமே இல்லை. அவன் எண்ணை எடுத்து, எங்கோ தூரத்தில் இருந்த ஒரு மகா பெரிய எண்ணோடு பெருக்கி வைத்திருந்தாள். அவன் பூட்டை உடைத்தவர்களுக்கெல்லாம் அவன் எண் முன்பே தெரியும், அதுதான் முந்திக்கொண்டார்கள். பூட்டு திறந்தது.

"சரிடா. கொஞ்ச நாள் தள்ளித்தான் இருப்போமே, அப்பத்தான் உறுதி. ஆனா வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கும்."

நெட்டை நாற்காலியோடு துள்ளி எழுந்தான். தொங்கிய விளக்கில் மண்டை ணங்கென்று இடித்தது.

"பாத்து மாப்ளே, லைட்டு!" என்றார் அண்ணன்.