இறந்தவருக்கு இரண்டு வணக்கம்

எங்கள் வழக்கத்தில் உயிரோடிருப்பவரை ஒருமுறை விழுந்து வணங்குவோம், இறந்தவரை இரண்டுமுறை. எல்லைக்கு வடக்கே, கும்காங் மலையடிவாரத்து விடுதிக் கூடத்தில், போரில் நாடு வடக்கு தெற்கென்று இரண்டாகி அறுபது வருஷமாகப் பிரிந்து கிடந்த குடும்பங்கள் மேசைக்கு மேசை கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, நான் என் அப்பாவை இரண்டுமுறை விழுந்து வணங்கினேன். முதல் வணக்கம் முடிந்து எழுந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். முழங்கால் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் அந்த மனிதரின் பெயருக்கு இரண்டிரண்டாகவே விழுந்து பழகிய முழங்கால். நெற்றி மறுபடி கம்பளத்தில் பட்டபோதுதான் உறைத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"செத்தவனுக்குத்தானேடா ரெண்டு?" என்றார் அவர். வாயில் பாதிப் பல் இல்லை. சட்டையில் வடக்கத்துத் தலைவரின் படம் போட்ட சின்னம். அவருக்குப் பின்னால் நின்ற கண்காணிப்பாளன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சந்தோஷத்துல தடுமாறிட்டான், தம்பி," என்று அவரிடம் சொன்னாள் சக்கர நாற்காலியில் இருந்த பெரியம்மா.

பெரியம்மா என்கிறேன். என்னைப் பெற்றவள் அவள்தான். அவளுடைய கொழுந்தனார் மான்சிக், போர் தொடங்கிய கோடையில், பதினெட்டு வயதில் காணாமல் போனார். சில வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டார் என்று வீட்டில் முடிவாயிற்று. கல்யாணமாகாமல் போனவருக்குத் திதி கொடுக்க ஒரு மகன் வேண்டுமே. அவருடைய அண்ணனின் இரண்டாவது பிள்ளையான என்னை, ஏழு வயதில், அந்த இறந்த மனிதருக்குத் தத்துக் கொடுத்தார்கள். அதே வீடு, அதே சோறு. பெற்றவளை மட்டும் அன்றிலிருந்து பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். ஒருமுறை காய்ச்சலில் வாய்தவறி அம்மா என்று விட்டேன். கொண்டுவந்த கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு அறையைவிட்டுப் போய்விட்டாள். பெரியம்மா என்று சரியாகக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்து ஊட்டினாள். என் அண்ணன் கியுச்சோல் மட்டும் நாள் முழுக்க அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருப்பான். அவனை எனக்கு இன்றுவரை பிடிக்காது.

இந்த வசந்தத்தில் செஞ்சிலுவைக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். மான்சிக் வடக்கே உயிரோடு இருக்கிறார், மூன்று மகன்கள், உங்களைப் பார்க்க விரும்புகிறார் என்றார்கள். பெரியம்மா மயங்கி விழுந்தாள். எனக்கு வந்த சந்தோஷம் வேறு. இறந்தவர் இறக்கவில்லை. அவருக்கே மூன்று மகன்கள் இருக்கிறார்கள். இனி நான் எதற்கு? என்னைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே. பெரியம்மாவின் இதயம் குளிர்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பும் பேருந்தில் அவளை அம்மா என்று ஒரே ஒருமுறை கூப்பிடுவது, அதற்கு அவள் திரும்பிப் பார்ப்பது. அதற்காகத்தான் வந்தேன். அண்ணன் முதுகுவலி என்று வரவில்லை.

மறுநாள் விடுதி அறையில் கண்காணிப்பாளர் இல்லாமல் பேச விட்டார்கள். மான்சிக் வந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டார். சுவருக்கும் காது உண்டென்று பழகியவர். தண்ணீர்ச் சத்தத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பிரித்தோம்.

"தம்பி, நீங்க உசுரோட இருக்கீங்கன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்," என்றாள் பெரியம்மா.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"உங்களை வடக்க பாத்தேன்னு ஒருத்தன் வந்து சொன்னான். அது போலீஸ் காதுக்கும் போச்சு. வாரா வாரம் வாசல்ல வந்து நிப்பாங்க. வடக்க ஆள் இருக்கிற வீட்டுப் பையனுக்குச் சர்க்கார் வேலை கிடையாதே. பெரியவன் வேற நல்லாப் படிச்சான். அதான் உங்களைச் சாகடிச்சோம். வெறும் மண்மேட்டுச் சமாதி கட்டினா நம்புவானா? பெத்த பிள்ளையவே தூக்கிக் கொடுத்துத் திதி பண்றாங்கன்னா நெசமாத்தான் செத்திருப்பான்னு விட்டுட்டுப் போனாங்க."

என் வாயில் மீன் துண்டு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அண்ணன் மாவட்ட அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் படிக்க, நான் விழுந்து எழுந்திருக்கிறேன். மான்சிக் கோபப்படுவார், சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். எனக்காக யாராவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, நானும் உங்க எல்லாரையும் தலைமுழுகிட்டேன். தெக்க சொந்தம் இருக்குன்னா அங்க சுரங்கத்துக்குத்தான் அனுப்புவான். அமெரிக்காக்காரன் குண்டுல குடும்பமே பூண்டோட போச்சுன்னு அழுதேன். காலேஜுல சேத்துக்கிட்டான்."

"என்னையுமா சாகடிச்சீங்க?"

"உங்களைத்தான் மொதல்ல."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. "அப்ப கணக்கு நேராப் போச்சு," என்று அவர் சொல்ல, இருவரும் முழங்காலில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவளை அப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

"அம்மா," என்றேன். பேருந்துவரை காத்திருக்க முடியவில்லை.

சிரிப்பு நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. "அப்பா முன்னாடி என்ன பேச்சு இது? பெரியம்மான்னு கூப்பிடு."

"அவருதான் இருக்காரே. மூணு பசங்க இருக்காங்க. இன்னும் நான் எதுக்கு?"

"அவங்க அங்க இருக்காங்க. நம்ம பக்கம் இவருக்கு யாரு இருக்கா? எனக்குச் செய்ய உங்கண்ணன் இருக்கான்."

மான்சிக் என்னை, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லாச் செய்வானா, அண்ணி?"

"ஒரு வருஷம் தவறினதில்ல."

"அப்ப நடக்கட்டும். நான் எங்க கெடந்து சாவேன், எவன் செய்வான்னு யாரு கண்டா. திதிக்கு வைக்கிற சூப்புல மாட்டுக்கறி கொஞ்சம் தாராளமாப் போடச் சொல்லுங்க."

நேரம் முடிந்தது என்று யாரோ கதவைத் தட்டினார்கள். பெரியம்மா நாற்காலியிலிருந்து எட்டி என் கையைப் பிடித்தாள். தத்துக் கொடுத்த நாளுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. உலர்ந்து, சூடாக இருந்தது. விட்டுவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் என் கையைச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு மேலாக இழுத்துப்போய் அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். பிறகு, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, என் கையின்மேல் மூடினாள்.