தோல் கார்

கார் இல்லாமலே, காரின் தோலில் ஏறி ஸாஜிதா தில்லையடியிலிருந்து மாம்புரிவரை ஓட்டிப் போன அன்று புத்தளம் சந்தையில் சூடை மீன் மலிந்திருந்தது. இரண்டையும் பற்றி ஊர் பேசியது. மீனைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசியது.

அந்தத் தோலைப் போட்டது அவள் புருஷன் மிஹ்லார். புதுக் கார் வந்த கிழமையே, பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்று கண்ணாடிபோல மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கார் முழுக்க ஒட்டுவித்தார். சீட்டுகளின் பொலித்தீனைக் கழற்றவேயில்லை. பெருநாளைக்கு மட்டும் கார் வெளியே வரும், அதுவும் வானம் வெளுத்திருந்தால். ஸாஜிதா ஆசைப்பட்டு எடுத்த லைசன்ஸ் அலுமாரியில் கிடந்தது. மாம்புரியில் மிளகாய்த் தோட்டம் செய்யும் அவள் மூத்த சகோதரி கமறியா ராத்தா கால் முறிந்து படுத்தபோது, "நான் ஓட்டிப் போய்ப் பார்த்திட்டு வாறனே" என்று கேட்டாள். "அந்த றோட்டில மணல் பறக்கும். பெயிண்ட் என்னத்துக்காகும்? கொஞ்சம் பொறு" என்றார் மிஹ்லார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவரிடம் சாவி வாங்க முடியாது. அவள் பஸ்ஸில் போனாள், வழியெல்லாம் அழுதாள்.

உப்புக்காற்று ஆள் பார்த்தா வீசும்? உறை பழுத்து மஞ்சளாகி, ஓரமெல்லாம் வெடித்தது. மிஹ்லார் உறை உரிக்கிற ஃபாஹிமைக் கூப்பிட்டார். "பழசு, மிஹ்லார் காக்கா, துண்டு துண்டாத்தான் வரும்" என்றான் அவன். "கிழிக்காம எடு. பிறகு ஒண்டுக்கு உதவும்" என்றார், ஐஸ்கிறீம் டப்பாவைக்கூட எறிய மனம்வராத மிஹ்லார். ஃபாஹிம் பல்லைக் கடித்துக்கொண்டு, சூடு காட்டி இளக்கி, மூலையிலிருந்து மெல்ல மெல்ல இழுத்தான். பொனட், கதவு, கூரை எல்லாவற்றின் உறையும் ஒன்றாகக் கழன்று வந்து, முற்றத்தில் கார் உருவத்திலேயே நின்றது. அவன் மிச்சப் பசையைத் துடைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

உள்ளே இருந்த கார் கடையில் நின்ற நாள்போல மினுங்கியது. மூச்சுப் பட்டாலும் மங்குமென்று மிஹ்லார் தள்ளி நின்றார். ஸாஜிதா தோலின் கதவை இழுத்துப் பார்த்தாள். திறந்தது. வீட்டுக்குள் போய் அலுமாரியில் கிடந்த லைசன்ஸை எடுத்துவந்து ஏறி இருந்தாள். கீறலும் மஞ்சளும் ஏற்கெனவே விழுந்த சாமான், இதற்கு இனி யார் என்ன சொல்வது?

"எங்க போறாய்?"

"ராத்தாட்ட."

"சாவி?"

"இது சாவி கேக்கல்ல" என்றாள். தோல் சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டியது.

பாலாவிச் சந்தியில் பொலிஸ்காரர் மறித்தார். றோட்டுக்கு மேலே, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தவளிடம் லைசன்ஸ் கேட்டார். அவளிடம் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல்தடவை; சந்தோஷத்தில் இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, பெல்ட்டைப் போடச் சொல்லி அனுப்பினார். மாம்புரியில் கமறியா ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தாள். "கொஞ்சம் கழுவினா நல்லம்" என்று சொல்லி முன்சீட்டில் ஏறினாள். இருவரும் கடற்கரைவரை போய், பொழுதுபடும்வரை சிரித்தார்கள்.

மிஹ்லாரின் கார் இப்போதும் துணிக்குள் மினுங்கிக்கொண்டு நிற்கிறது. வெளியே எடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. டவுனுக்குப் போகவேண்டுமென்றால் முதல்நாளே ஸாஜிதாவிடம் சொல்லிவைப்பார். அவளுக்கு நேரமிருந்தால் கூட்டிப் போவாள்.