ஞாயிற்றுக்கிழமைக்குள் கிரேக்கம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், முப்பத்தெட்டு வருஷம் நான் பழுதுபார்த்த லிஃப்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அறுந்து என் தலையில் விழட்டும். பீரோ விஷயம் உள்பட எல்லாம் நடந்ததுதான்.

எழுபத்தோராவது வயதில் கிரேக்க மொழி வகுப்பில் சேர்ந்தேன். சலவைக்கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. தரைப்பலகை இடுக்கு வழியாக இஸ்திரி ஆவி ஏறும். கசங்கிய சட்டையோடு உட்கார்ந்தால் பாடம் முடியும்போது மடிப்புக் கலையாத மனிதனாக எழுந்திருக்கலாம். என்னோடு படித்தவர்கள் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகவிருந்த நர்ஸ் பெண்கள்.

"தாத்தா, உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில வேலை?"

"நான் நோயாளியா வரேன். நீங்க முன்னால போய்க் கட்டில் பிடிச்சு வைங்க."

உண்மையான காரணம் என் பேத்தி. அந்த நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு போன என் மகள், போன வருஷம் அங்கேயே மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பேத்திக்கு நான்கு வயது, தமிழ் தெரியாது. "அடுத்த வருஷம் சொல்லிக்குடுக்கிறேன்பா" என்று மகள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஞாயிறுதோறும் மாப்பிள்ளை போன் போட்டுக் குழந்தையிடம் கொடுப்பார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். நானும் மனைவியும் எங்களுக்குத் தெரிந்த ஒரே கிரேக்கச் சொல்லைச் சொல்வோம்: ஆமா. உடனே சிரிப்பாள். அப்புறம் காத்திருப்பாள். அப்புறம் அழுவாள். மாப்பிள்ளை போனை வாங்கி, அவருக்கும் எனக்கும் பொதுவான அரைகுறை இங்கிலீஷில், "சௌக்கியமான்னு கேக்குறா" என்பார்.

சௌக்கியம் விசாரித்துவிட்டு எந்தப் பிள்ளை அழும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் சேர்ந்தேன்.

கிரேக்கத்தில் நாற்காலி பெண், சோபா ஆண், கட்டில் இரண்டுமில்லை. லிஃப்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்திலும் நிறக்கம்பியில் சீட்டுக் கட்டிவிட்டுத்தான் கழற்றுவோம். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது நாலு திருகாணி மிஞ்சி முறைக்கும். அதே மாதிரி வீடு முழுக்கக் கட்டினேன். பெண்ணுக்குச் சிவப்பு, ஆணுக்கு நீலம், மற்றதற்கு வெள்ளை. மறுநாளே சோபா கூச்சப்பட்டு நாற்காலியை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. மூன்றாம் வாரம் பீரோவுக்கு ரோஷம் வந்து, கிரேக்கத்தில் அம்மணி என்று கூப்பிட்டால்தான் திறந்தது. உச்சரிப்பு சரியில்லாததால் இரண்டு நாள் எனக்குச் சட்டையில்லை.

"நாப்பத்தாறு வருஷமா என்னை 'ஏய், இங்க பாரு'ன்னு கூப்பிட்டுட்டு, பீரோவை அம்மணியா?" என்றாள் மனைவி. "எனக்கு எங்க சீட்டு?"

"கழட்டிட்டுத் திரும்ப மாட்ட முடியும்னாதான் சீட்டு கட்டுவோம். உன்னைக் கழட்ட எனக்கு ஏது தெம்பு?"

சிரித்தாள். மகள் போனபின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு, மகளின் படத்துக்கு முன்னால் சிவப்புக் கம்பியோடு நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, கம்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அதுக்கு வேணாங்க."

ஏழாம் மாதம், 'எங்கே', 'கொடு' எல்லாம் படித்து முடித்த வாரம், குழந்தையின் கேள்வி எனக்குப் புரிந்தது.

"தாத்தா, அம்மா அங்கதானே இருக்கா? அம்மாகிட்ட போனைக் குடு."

மாப்பிள்ளையைக் கேட்டேன். சொல்ல மனசு வராமல், அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் வாராவாரம் ஆமா, ஆமா என்று சாட்சி சொல்லியிருக்கிறோம்.

"நீங்களே சொல்லிடுங்க மாமா. நீங்க சொன்னாதான் நம்புவா."

மறுநாள் ஆசிரியையிடம் போனேன்.

"டீச்சர், நடந்து முடிஞ்சதைச் சொல்ற பாடம் வேணும்."

"அது ரெண்டாவது புத்தகம் ஐயா. நீங்க இன்னும் கடையில தக்காளி வாங்கிட்டு இருக்கீங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

எதற்கென்று கேட்டார். சொன்னேன். பலகையிலிருந்த தக்காளியை எல்லாம் அழித்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் எழுதினார். நர்ஸ் பெண்கள் அதன்பின் என்னைக் கிண்டல் செய்யவில்லை; ஆறு நாளும் என்னோடு சேர்ந்து அதையே சொன்னார்கள். கீழே சலவைக்கடைக்காரர்கூட அதை முணுமுணுத்தபடியே சட்டை மடித்தார்.

ஞாயிறன்று பேசினேன் பாருங்கள், அப்படியொரு கிரேக்கம்! மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் போய்க்கொண்டிருந்த பஸ் நின்று, டிரைவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினாராம். எங்கள் பீரோ யாரும் கூப்பிடாமலே திறந்து, மகளின் பழைய பள்ளிக்கூடப் பையை மெல்ல வெளியே தள்ளியது. குழந்தை கடைசிவரை கேட்டாள். அழவில்லை. "சரி தாத்தா, அப்ப நீ என்கூடப் பேசு" என்றாள். பேசினோம், மணிக்கணக்காக. ஒரு பிழை கிடையாது.

லிஃப்டுகள் விழட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது, நாங்கள் எடுக்கவில்லை.