ருக்குமணி – இனிப்பு நீர்

சீனி வியாதிக்கு மலேசியத் தமிழர்களிடம் ஒரே பெயர்தான்: இனிப்பு நீர். கேட்க என்னவோ கோயில் பிரசாதம் மாதிரி இருக்கும். வந்தவனைக் கேட்டால்தான் அதன் லட்சணம் தெரியும்.

என் வீட்டுக்காரர் சிங்காரத்துக்கு அது வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் தீபாவளி என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர்தான் ராஜா. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை மாட்டினாரென்றால், லயத்து வரிசையில் ஒரு வீடு விடாமல் நுழைந்து, உட்கார்ந்து, நெய்யுருண்டையைத் தின்று, நன்றாக இருந்தால் இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் எழுவார். அவர் வராவிட்டால் பலகாரம் சுட்டவளுக்கே மனசு ஆறாது.

எண்பத்து மூன்றாம் வருடத் தீபாவளியில் கெட்டது எல்லாம். கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது செய்து கொண்டுவந்து மேசையில் வைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். அங்கே வைத்து, நாற்பது பேர் முன்னால், நல்லுசாமி கங்காணி சத்தம் போட்டுச் சொன்னார்: "சிங்காரத்துக்கு ஒரு கிளாஸு பச்சத்தண்ணி குடுங்கப்பா. அதுலயும் இனிப்பு இருக்கான்னு பாத்துக் குடுங்க, லா!"

மண்டபமே சிரித்தது. இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், அன்று ஒரு வீட்டுக்கும் போகவில்லை. எனக்கு அன்றைக்கே கங்காணியின் தலைப்பாகையை அவிழ்த்து அவர் வாயில் திணிக்க வேண்டும் போல இருந்தது. என் வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். இவர்தான், "விடு புள்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இது மறுவருடம், எண்பத்து நான்கு. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"தீபாவளியன்னிக்கு திரிங்காப் தவுக்கேக்கு முட்டகோஸு லோடு எறக்கணும். ஈப்போ வரைக்கும்."

"தீபாவளியன்னிக்கா? தவுக்கே கேட்டாரா, நீங்களா போயிக் கேட்டீங்களா?"

சோற்றில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார். அவராகத்தான் போய்க் கேட்டார் என்று அதற்கு அர்த்தம். நல்ல நாள் அன்று வீட்டு ஆம்பிளை சீன முதலாளிக்கு லோரி ஓட்டப் போவதென்றால், ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது! எனக்கு வலித்தது வேறு. மனுஷன் தன் வீட்டிலிருந்தே ஓடி ஒளியப் பார்க்கிறார்.

"சீனி போடாம தேத்தண்ணி குடிச்சிட்டு மண்டபத்துல உக்காருங்களேன்," என்று சொல்ல வாயெடுத்து, நானே அடக்கிக்கொண்டேன். வருடம் முழுக்க நான் கிள்ளுகிற கொழுந்து. தீபாவளிக்கும் அந்தத் தண்ணியைத்தானா என் புருஷனுக்கு நீட்டுவேன்?

"நாலு பேரு முன்னால நீங்க கையில வாங்கி ரசிச்சுக் குடிக்கற மாதிரி ஒண்ணு நான் செய்யறேன். அது சரியில்லேன்னா லோரிய எடுத்துட்டுப் போங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"நீ ஒரு வார்த்த பேச மாட்டியா?" என்று சிரித்தார். பிறகு, "சரி. அன்னிக்குக் காலையில பத்து மணிக்குள்ள நான் போகலேன்னா தவுக்கே மவனே ஓட்டிக்குவான். பத்து வரைக்கும் இருக்கேன்," என்றார்.

எனக்குத் தெரிந்த பண்டிகைத் தண்ணியெல்லாம் சீனிப்பாகு, இல்லாவிட்டால் டப்பாப் பால். இரண்டும் ஆகாது. பழத்தை அரைத்துக் கெட்டியாகக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷஹாபுதீன் பாயின் மனைவி ஜொஹரா எனக்குப் பழக்கம். அவளிடம் அரைக்கிற மிஷின் இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டாள். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வரும்போது பப்பாளியும் கொய்யாவும் எடுத்துவரச் சொல்லி பாயிடமும் சொல்லிவைத்தாள். ஸ்ட்ராபெரி கோலா தெர்லாவில் கிடைத்தது. பார்க்கத்தான் அழகு. வாயில் போட்டால் புளியங்காய்க்கு அக்கா.

முதல் நாள் அரைத்தது நல்ல சிவப்பாக வந்தது. இவர் ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியது. என் கைப்பக்குவத்தை நினைத்துக் கலங்குகிறார் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

"காரம்," என்றார்.

பிறகுதான் உறைத்தது. ஜொஹரா அந்த மிஷினில் ஆறு மாதமாகச் சம்பல் மிளகாய் அரைக்கிறாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. எலுமிச்சைத் தோல் போட்டு, ஊறின அரிசி போட்டு, வெந்நீர் ஊற்றி மூன்று தரம் ஓடவிட்டு, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி வெயிலில் காயப்போட்ட பிறகுதான் வாடை போனது.

இரண்டாவது தரம் புளித்தது. மூன்றாவது தரம் ஸ்ட்ராபெரியைக் குறைத்தேன். கொய்யாவை வேகவைத்து விதையை வடிகட்டினேன், பப்பாளியில் ஒரு துண்டு, வீட்டில் உறை ஊற்றிய தயிர், தட்டின இஞ்சி, ஒரு கல் உப்பு. சீனி ஒரு மணி கிடையாது. அரைத்து வாயில் வைத்தேன். புளிப்பு முன்னால் வந்து, இனிப்பு பின்னால் வந்து, இஞ்சி தொண்டையில் போய் நின்றது. அடியே ருக்குமணி, நீ கெட்டிக்காரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் என் நாக்கு சொன்னால் போதாதே. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே மருந்து கொடுக்கிற டிரெசர் சுப்பிரமணியத்திடம் ஒரு கிளாஸை நீட்டினேன். குடித்துப் பார்த்து, என்னென்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பழத்துலயும் இனிப்பு இருக்கும்மா. அரை கிளாஸுக்கு மேல வேணாம். அன்னிக்குப் பலகாரத்தத் தொடக்கூடாது."

"தொட மாட்டாரு. ஆனா அரை கிளாஸு குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

மறுநாள் இவரை இழுத்துக்கொண்டு போனேன். அரை கிளாஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, சிறுநீரைச் சோதிக்கச் சொன்னேன். டிரெசர் கண்ணாடிக் குழாயில் மருந்தோடு கலந்து சூடாக்கினார். சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏறிக்கொண்டே போகும். இவருடையது நீலமாகவே நின்றது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவர் தலையாட்டினார். பரீட்சை எழுதாதவள் நான். அந்த நீலத்தைப் பார்த்தபோது முதல் வகுப்பில் தேறின மாதிரி இருந்தது.

பண்டிகைக்கு முதல்நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கெழுதும் செல்லையா கிராணியைப் பிடித்தேன். யார் வீட்டில் என்ன பலகாரம் என்று பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதி மண்டபத்தில் வைப்பது அவர் வேலை.

"கிராணி ஐயா, நம்ம வீட்டுலேருந்து பழத்தண்ணி. சீனி இல்ல. இனிப்பு நீரு உள்ளவங்களும் குடிக்கலாம்."

"சரி சரி," என்று தராசைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்தார். அரைக் காது.

தீபாவளியன்று ஒன்பது மணிக்கு மண்டபத்தில் கூட்டம். மிஷினை மேசையில் வைத்து, கண்ணாடிக் கிளாஸ்களை வரிசையாக அடுக்கி, அரைத்து ஊற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்ட்ராபெரித் துண்டு வைத்தேன். இளஞ்சிவப்பில் என்ன அழகு! ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. தள்ளி நின்று என்னைப் பார்த்துப் பார்த்து வாயைப் பொத்தினார்கள். ஜெயா தன் மகளின் கையைப் பிடித்து இழுத்து, "அது மருந்துடி, தொடாத," என்றாள்.

திரும்பிப் பலகையைப் பார்த்தேன்.

மாடசாமி – நெய்யுருண்டை. ஜெயா – முறுக்கு. ருக்குமணி – இனிப்பு நீர்.

எழுத்து முத்து முத்தாக இருந்தது. அது வேறு எரிச்சல்.

அந்த நேரம் பார்த்து இவர் வெள்ளைச் சட்டையில் உள்ளே வந்தார். பலகையைப் படித்தார். சிரிக்கிறவர்களைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து லோரிச் சாவி வெளியே வந்தது.

"மணி இன்னும் பத்தாகல," என்றேன்.

"போதும் ருக்கு. எனக்காக நீயும் சிரிப்புக்கு ஆளாக வேணாம்." வாசல் பக்கம் திரும்பினார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இத்தனை நாள் பாடுபட்டது இரண்டு சொல்லுக்காகப் பாழாவதா? ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பலகையிடம் போனேன். அழிக்கப் போன கையை ஒரு கை பிடித்தது. மணியம்மா. மேல் லயத்துக்காரி. பதினைந்து வருடமாக என் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுக்கிறவள்.

"அழிக்காத. எனக்கு ஒரு கிளாஸு குடு."

"அது தப்பா எழுதியிருக்குடி..."

"இனிப்பு நீருக்காரங்களுக்குன்னுதான போட்டிருக்கு? அதான் வந்தேன்." குரலை இறக்கினாள். "ரெண்டு வருஷமா இருக்கு. தோட்டத்துல தெரியக்கூடாதுன்னு ரிங்லெட் கிளினிக்குக்குப் போறேன். தீபாவளிக்கு வயித்து வலின்னு பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு."

அரை கிளாஸ் அளந்து கொடுத்தேன். நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் குடித்தாள். "இன்னும் கொஞ்சம்?" என்றாள். "அரைதான். டிரெசர் உத்தரவு," என்றேன்.

அடுத்து மிஷினைப் பார்க்க வந்தவர் போல ஷஹாபுதீன் பாய் வந்தார். ஊருக்கெல்லாம் சீனி கொட்டி டீ ஆற்றுகிறவர். "எனக்கும்தான்," என்று ஒரு விரலைக் காட்டினார். ஜொஹரா அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள், அவளுக்கே அன்றுதான் தெரியுமாம். பிறகு தேயிலை ஃபேக்டரி கந்தசாமி. பிறகு, நம்புவீர்களா, பூசாரி இராமையா. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஆறு பேர். ஆறு பேரும் ஒளித்துவைத்திருந்தார்கள். தோட்டத்தில் இனிப்பு நீர் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் என்று நாங்கள் மூன்று வருடம் தலை குனிந்து நடந்திருக்கிறோம்!

வாசலில் இவர் சாவியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவதாக வந்தது நல்லுசாமி கங்காணி. தோளில் கிடந்த துண்டுக்கு அடியில் கையை மறைத்து நீட்டினார். "எனக்கும் ஒரு கிளாஸு, தாயி. எனக்கு நாலு வருஷமா..." என்று முனகினார்.

எனக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பச்சைத்தண்ணி பற்றி ஒரு வருடம் ஊறவைத்த பதில். வாயைத் திறப்பதற்குள் இவர் வந்துவிட்டார். என் கையிலிருந்த கிளாஸை வாங்கி, துண்டை விலக்கி, கங்காணியின் கையில் எல்லாரும் பார்க்க வைத்தார். பெஞ்சை இழுத்துப் போட்டார்.

"ஒக்காந்து குடிங்க கங்காணியாரே. என் பொண்டாட்டி செஞ்சது. அவசரப்பட்டுக் குடிக்கறதுக்கு இது தேத்தண்ணி இல்ல."

கங்காணி உட்கார்ந்தார். இவரும் ஒரு அரை கிளாஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்காக ருசித்துக் குடித்தார். அதற்குப் பிறகு நோய் இல்லாதவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். ஜெயா தன் மகளைத் தானே கூட்டிக்கொண்டு வந்தாள். பத்து மணி எப்போது அடித்தது என்று எனக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை.

மிஷின் காலியான பிறகு கிராணி ஓடி வந்தார். "தப்பாயிருச்சும்மா. அழிச்சிடறேன்."

"கெடக்கட்டும் கிராணியாரே," என்றார் இவர். "கெளம்பு ருக்கு. போன வருஷம் ஒரு வூட்டுக்கும் போகல. எல்லா வூட்டுக்கும் போவணும்."

முதல் வீடு மாடசாமி வீடு. வழக்கம் போல நெய்யுருண்டைத் தட்டு நீண்டது. நான் தடுக்கப் போனேன். இவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார். லயம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"எனக்கு இனிப்பு நீரு. பலகாரம் வேணாம். ஒக்காந்து பேசிட்டுப் போறதுக்கு வந்தேன்."

மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் சிரிக்கவில்லை. மாடசாமி பெண்டாட்டி அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுச்சேலையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.