மா தெய்ன் நட்ட கோசு

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மிங்கலா தாங்ஞுன்ட் ரயில்வே லைன் வீடுகளில் மற்றவர்கள் பனிக்காலத்தோடு தோட்டத்தை ஒழித்துவிட்டார்கள். சின்னத்தம்பியின் தோட்டத்தில் மட்டும் பதினொரு முட்டைக்கோசு வெட்டுவாரில்லாமல் நின்றது. சிலது வெடித்து, மேல் இலையெல்லாம் பூச்சி அரித்திருந்தது. டூட்டி முடிந்து வந்ததும் அவன் தண்ணீர் ஊற்றுவான், பக்கத்தில் உட்காருவான். தொடமாட்டான். நட்டவள் அவன் பர்மியப் பெண்டாட்டி மா தெய்ன். ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டேயில் அப்பா வீட்டுக்குப் போனவள் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை.

போனதற்குக் காரணம் இவன்தான். தமிழனைக் கட்டிய மகளை மன்னித்து, அவள் அப்பா ஊ சான் தை மாதம் முதல் தடவையாக அவள் வீட்டுக்கு வந்தார். அவருக்காகவே அவள் கோசை உப்பும் அரிசி கழுவிய தண்ணீரும் போட்டு ஜாடியில் புளிக்க வைத்திருந்தாள். அன்று காலை சின்னத்தம்பி மூடியைத் திறந்தான். நுரை, புளித்த வாடை. இந்த மகா மேதாவி ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியும் வைத்துவிட்டான். "ஊசிப்போனதை வெச்சிருந்தே, கொட்டிட்டேன்" என்று மாமனார் முன்னாலேயே பெருமையடித்துக்கொண்டான். மா தெய்ன் சாயங்காலம் அப்பாவோடு படகேறிவிட்டாள்.

கடிதம் எழுத ரோஷம் விடவில்லை. ஆனால் பர்மிய வழக்கப்படி மரியாதைக்குக் 'கோ' சேர்த்து, 'கோ தம்பி' என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கோசு நிற்கும்வரை அவளும் முழுசாகப் போய்விடவில்லை என்று ஓர் அசட்டு நம்பிக்கை. வெயிலோ நாளுக்கு ஒன்றாக அழுகவைக்கப் பார்த்தது.

கடைசியில், வெடித்ததையாவது காப்பாற்ற வழி கேட்டு, பக்கத்து வீட்டு ஜைனபிடம் போய் அசடு வழிய நின்றான். மா தெய்னிடம் கோசைப் புளிக்க வைக்கும் பக்குவத்தைக் கற்றிருந்தவள் அவள்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். வெடித்த ஏழு கோசை மட்டும் வெட்டி, கெட்ட இலையைக் கழித்து, ஒரு பொழுது வெயிலில் வாட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து, அதே ஜாடியில் அடைத்து, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிக் கல்லை ஏற்றினான்.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தான். அதே நுரை, அதே வாடை. ஒரு துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டான். நன்றாக இருந்தது. அன்றைக்குக் கொட்டியது கெட்டுப்போனதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஜாடி முன்னால் உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு த்வாண்டே படகில் ஏறினான். ஊ சான் சாப்பிட உட்காரும் நேரம். சின்னத்தம்பி ஜாடியை அவர் முன்னால் வைத்தான்.

"தையிலே உங்களுக்கு அவ வெச்சது இதுதான். நான்தான் தெரியாம கொட்டிட்டேன்."

மா தெய்ன் அதைப் பர்மியத்தில் அப்பாவிடம் சொன்னாள். கிழவர் சோற்றோடு தின்றார். உப்பு ஜாஸ்தி என்றார். மறுபடி கையை நீட்டினார்.

வாசல்வரை வந்த மா தெய்ன், தோட்டத்தில் இன்னும் எத்தனை நிற்கிறது என்று கேட்டாள்.

"நாலு. வெடிக்காதது."

"நீ வெட்டாதே, கோ தம்பி. நான் வந்து வெட்டுறேன்."

எப்போது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் படகேறினான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாலுக்கும் தண்ணீர் ஊற்றினான்.