பயத்தைத் திருப்பிக் கேட்டவர்கள்

ஆஸ்பத்திரிக்குச் சேவை செய்ய வந்த முதல் சனிக்கிழமையே நோயாளிகளின் பயம் அந்தக் கணிதத் துறை மாணவியின் உடம்புக்கு மாறத் தொடங்கிவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த நீளமான தாழ்வாரத்தில் சக்கரக் கட்டில்கள் வரிசையாக நிற்கும். சொந்தக்காரர்களை அதற்குமேல் விடமாட்டார்கள். உள்ளே கூப்பிடும்வரை ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மாணவர் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. பல்கலைக்கழகச் சமூக சேவைப் பிரிவில் ஆள் கேட்டபோது இவள்தான் முதலில் கை தூக்கினாள். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். அன்று பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த டியூஷன் வாத்தியார் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடித்ததும் நடுக்கம் நின்றது; மனிதர் நர்ஸிடம் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மாணவிக்கோ உள்ளங்கை வேர்த்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் படுத்திருந்த சொறிநாய் ஒன்று சும்மா தலையைத் தூக்கிப் பார்க்க, அவள் செருப்பை அங்கேயே உதறிவிட்டு ஓடினாள். வாத்தியாருக்கு ஆயுசு முழுக்க நாய் ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதாவது, கையைப் பிடித்தால் ஆபரேஷன் பயம் மட்டும் வரவில்லை. ஆளுக்குள் இருந்த அத்தனை பயமும் வேரோடு வந்தது. ஆஸ்பத்திரிக்கு இதில் ஒரே கொண்டாட்டம். மயக்க மருந்து டாக்டர் கஷ்டமான கேஸ்களை எல்லாம் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார். அழுகிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உள்ளே போயின. மாணவிதான் நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தாள். பல்லியைக் கண்டால் அலறினாள், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போனாள், யாரோ ஒருவருக்கு எப்போதோ தொண்டையில் மாட்டிய மீன்முள் இவள் தொண்டையை அடைத்தது. போனில் குரலைக் கேட்ட அம்மா, “ஏய், நீதானாடி பேசுற? விட்டுட்டு வாடி, ஊர் பயமெல்லாம் உனக்கெதுக்கு?” என்று சத்தம் போட்டாள். அவளும் விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் இத்தனை பெரிய பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு மனிதர்கள் காய்கறி வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்குத் தலை வாருகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அடுத்த கட்டிலைத் தாண்டிப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

குடலிறக்கத்துக்காகப் பெயிண்டர் ஒருவர் வந்தார். மாடிக் கட்டிடங்களுக்கு வெளிப்பக்கம் சாரத்தில் நின்று அடிப்பவர். அவர் கையைப் பிடித்த நிமிஷம் தரை அவள் காலுக்குக் கீழே எங்கேயோ இறங்கிப் போயிற்று. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாடிப்படி ஏற முடியவில்லை. விடுதியில் மேல்மாடி அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே துடைப்பமும் வாளியும் போடும் அறைக்கு வந்தாள். வகுப்பு மாடியில் நடந்த நாட்களில் படிக்கட்டின் கீழே உட்கார்ந்து அழுதாள்.

சில வாரம் கழித்து, துறை வாசலில் ஓர் அம்மா அவளை மறித்தார். பெயிண்டரின் மனைவி.

“எங்க வீட்டுக்காரரோட பயத்தை எடுத்துக்கிட்ட பொண்ணு நீதானே? குடுத்துடும்மா.”

பெயிண்டர் இப்போதெல்லாம் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் போடுவதில்லையாம். சாரத்துப் பலகையில் சந்தையில் நடக்கிற மாதிரி சீட்டியடித்துக்கொண்டு நடக்கிறாராம். நேற்று, உடன் வேலை செய்கிறவர்களுக்கு வேடிக்கை காட்ட, விளிம்பில் ஒற்றைக்காலில் நின்றாராம். “தெனமும் பயந்து பயந்துதான் ஏறுவாரும்மா. கயித்தை இழுத்து இழுத்துப் பாப்பாரு. அந்தப் பயம்தான் சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துச்சு. இப்ப யாரு கூட்டிட்டு வருவா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பயத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டால் அவர் வரமாட்டேன் என்கிறார். வேண்டுமானால் அவளை மேலே வரச் சொல் என்கிறார்.

ஆக, உயரத்துக்குப் பயப்படும் ஒருவருடைய மொத்தப் பயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் உயரத்துக்கு ஏற வேண்டியதாயிற்று. திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. புதிதாகக் கட்டிய வங்கிக் கட்டிடம். படிகளில் நாலு காலில் தவழ்ந்தாள். பெயிண்டரின் மனைவி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். மேல்மாடியில் கண்ணாடி போடாத ஜன்னல், அதற்கு வெளியே பலகை, பலகையில் பிரஷ்ஷோடு பெயிண்டர்.

“அடடே, ஆஸ்பத்திரிப் பாப்பாவா!” என்றார். “எனக்கு அது வேணாம்மா. இத்தனை வருஷமா இங்க நின்னு செவுத்தை மட்டும்தான் பாத்திருக்கேன். இப்பதான் திரும்பி ஊரைப் பாக்குறேன். எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா?”

நியாயம் அவர் பக்கம் இருப்பதாகக்கூட அவளுக்குத் தோன்றியது. ஜன்னல் கட்டையில் முழங்காலை வைத்துக் கையை நீட்டினாள், கீழே பார்த்துவிட்டாள், கண் இருட்டி அப்படியே வெளிப்பக்கமாகச் சரிந்தாள். பெயிண்டர் பிரஷ்ஷை எறிந்துவிட்டு அவள் கையைப் பாய்ந்து பிடித்து ஜன்னல் கட்டைக்கே தள்ளினார். பிடித்த கை வழியாக அவருடைய பயம் அவருக்கே போய்ச் சேர்ந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுக்க, சாரக் கம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாணவிக்குச் சட்டென்று எல்லாம் லேசாயிற்று. ஊர் கீழே கிடந்தது, நிஜமாகவே அழகாக இருந்தது, அதைப் பார்க்க நேரமில்லை. கையைத் தொட்டால் பயம் மறுபடி இந்தப் பக்கம் தாவிவிடும் என்பதால் அவரைச் சட்டைக் காலரில் பிடித்து இழுத்து உள்ளே போட்டாள். அவர் மனைவி அவரை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். பெயிண்டர் அந்த மாணவியோடு அப்புறம் பேசவே இல்லை, ஆனால் பெல்ட் போடாமல் ஏறியதும் இல்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிறவர்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவளிடம் கையைக் கொடுத்து, தங்கள் பயத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டாவது, பழைய ஆட்கள் உட்பட எல்லோரும் வாங்கினார்கள்.

அவளுடைய கடைசி வருஷத்தில், சலவைக் கடையில் இஸ்திரி போடும் ஓர் அம்மா தோள் எலும்பு முறிந்து வந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று கேட்காமலே எல்லோரிடமும் சொன்னார். அவர் கையிலிருந்து வந்ததில் ஆபரேஷனைப் பற்றிய பயம் துளியும் இல்லை. அன்று சாயங்காலம் விடுதியில் பக்கத்து அறைப் பூட்டில் யாரோ சாவியைத் திருப்பினார்கள். மாணவி சுவரோடு ஒண்டி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான், இது சாயங்காலம் சாவி போட்டுத் திறந்து வரும் புருஷனைப் பற்றிய பயம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் வாந்தி எடுத்தாள்.

அந்த அம்மா வீட்டுக்குப் போகும் நாளில் வாசல் பெஞ்சுக்கு வந்து, எல்லோரையும் போலக் கையை நீட்டினார். கொடுத்தால் அந்தப் பயம் இவரைப் பழைய வீட்டிலேயே கட்டிப் போட்டுவிடும். கொடுக்காவிட்டால், பயமில்லாமல் எதிர்த்து நின்று என்ன ஆவாரோ, பலகையில் ஒற்றைக்காலில் நின்ற மனிதரைப் பார்த்தவளாயிற்றே. நீட்டிய கையையே பார்த்தாள். பிறகு தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“உங்களோடது எங்கிட்ட இல்லம்மா.”

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்போ நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்,” என்றார். பையை நல்ல தோளில் மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிப் போனார். போனவர் அந்தப் பழைய வீட்டுக்குத் திரும்பவே இல்லை என்று சலவைக் கடையில் சொன்னார்கள்.

மாணவி பட்டம் வாங்கினாள், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள், அம்மாவையும் தம்பியையும் கூட்டிவந்து வீடு எடுத்தாள். சனிக்கிழமை தாழ்வாரத்துக்கு இன்னும் போகிறாள். அந்த ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. சாயங்காலம் கதவில் சாவி திரும்பினால் இப்போதும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் போய்விடுகிறாள். வீட்டில் பழகிவிட்டார்கள். அம்மாவோ தம்பியோ, யாராக இருந்தாலும், வாசலில் நின்று “நான்தான்” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறார்கள்.